நுனியைத் தாழ்த்து, கணுவெல்லாம் பூக்கும்!

எங்கள் வீட்டுக் கிணற்றடியில் ஒரு ரோஜாச் செடி இருந்தது. இடுப்பளவு, ஆள் உயரம், ஓட்டுக்கூரை என்று மூன்றே வருடத்தில் ஒவ்வொன்றாகத் தாண்டியது. தெருவுக்குள் வருகிறவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "என்னா வளத்தி!" என்று வியந்து போவார்கள்.

அந்த வளர்த்தியால் என் அம்மாவுக்கு ஒரு பயனும் இல்லை. பூவெல்லாம் உச்சியில். வெள்ளிக்கிழமை காலையில் சாமி படத்துக்கு ஒரு பூ வேண்டுமென்றால் தொரட்டிக் கம்பு எடுத்து இழுக்க வேண்டும். இழுத்தால் பூ வராது, இதழ்தான் உதிரும். கீழே ஐந்தடிக்கு வெறும் முள்ளும் காய்ந்த குச்சியும்.

அந்த வருடம் நானும் அந்தச் செடியாகத்தான் இருந்தேன். பட்டம், தட்டச்சு, கணினி வகுப்பு, மூன்று போட்டித் தேர்வுகள் என்று ஏறிக்கொண்டே போனேன். வீட்டுக்குப் பறித்துக் கொடுக்க என் கையில் ஒரு பூ இல்லை. தேர்வு முடிவில் என் எண் வராத ஒரு சித்திரை மாதத்து மத்தியானம், அரிவாளை எடுத்து அந்தச் செடியை முழங்கால் உயரத்தில் வெட்டிச் சாய்த்தேன். ஆத்திரமெல்லாம் என்மேல், வெட்டு விழுந்தது செடிமேல். வெட்டிய வாயிலிருந்து கருப்பு இறங்கியது. ஆடி பிறப்பதற்குள் அடிவரை காய்ந்துவிட்டது.

தம்பி, தங்கச்சி, உன் கையிலும் அந்த அரிவாள் இருப்பது எனக்குத் தெரியும். "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்று உன்னையே அடியோடு சாய்க்க ஓங்கி வைத்திருக்கிறாய். கீழே போடு! உயர்ந்துவிட்ட ரோஜாவுக்கு வேண்டியது ஒரு கவாத்துக் கத்தரி, ஒரு முழம் சணல், ஒரு நல்ல கொம்பு. உனக்கும் அவ்வளவுதான் வேண்டும்.

குடுமி என்பது உச்சி

புதுக்கோட்டைக்கு மேற்கே சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கிறது எங்கள் குடுமியான்மலை. மலையடியில் சிகாநாதர் கோயில். சிகை என்றாலும் குடுமி என்றாலும் ஒன்றுதான். இந்தப் பெயர் ஒரு பூவால் வந்தது என்று ஊரில் கதை சொல்வார்கள். சாமிக்கு வைத்திருந்த பூவை அர்ச்சகர் தன் காதலியின் கூந்தலில் சூட்டிவிட்டார். அந்த நேரம் பார்த்து அரசன் வந்து நின்றான். வேறு வழியில்லாமல் அதே பூவை எடுத்துப் பிரசாதமாகக் கொடுத்தார். பூவோடு ஒரு தலைமயிர். அரசன் கேட்டதும், "சாமிக்குக் குடுமி உண்டு" என்று சொல்லிவிட்டார். நம்பி வந்தவனைக் கைவிடாமல் லிங்கமே குடுமி காட்டியதாம்.

சின்ன வயதில் அதிசயமாகக் கேட்ட கதை. இன்று எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. ஆண்டவனின் உச்சிகூட ஓர் அடியானுக்காகக் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கி வந்தது. யாருக்கும் எட்டாத உச்சி யாரைக் காப்பாற்றும்? கைக்கு எட்டாத பூ யார் தலைக்கு அழகு?

நீ வளர வேண்டும். எவ்வளவு வேண்டுமானாலும் வளர். ஆனால் உன் பூ ஒரு கைக்கு எட்ட வேண்டும்.

உறங்கும் கண்கள்

ரோஜா ஏன் உச்சியில் மட்டும் பூக்கிறது? அதற்குக் காரணம் இருக்கிறது. தண்டின் நுனிக் குருத்தில் ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் சுரக்கிறது. அது தண்டு வழியே கீழே இறங்கி, வழியிலுள்ள கணுக்களின் கண்களை எல்லாம் உறங்க வைக்கிறது. 1930-களில் தீமன், ஸ்கூக் என்ற இரண்டு அறிவியலாளர்கள் இதைச் சோதித்துக் காட்டினார்கள். அவரைச் செடியின் நுனியை வெட்டினார்கள். கீழ்க் கண்கள் விழித்தன. வெட்டிய இடத்தில் ஆக்சினை வைத்துப் பார்த்தார்கள். நுனி இல்லாமலேயே கண்கள் உறங்கியே கிடந்தன.

இதை நன்றாக மனதில் வாங்கு. நீ மொட்டைக் குச்சி என்று நினைக்கும் அந்த ஐந்தடித் தண்டில் கணுவுக்குக் கணு ஒரு கண் இருக்கிறது. ஒன்றும் சாகவில்லை. நுனியின் ஆணைக்குக் கட்டுப்பட்டு உறங்குகிறது, அவ்வளவுதான்.

உன் நுனி எது? "இந்த ஒரு தேர்வு", "இந்த ஒரு வேலை", "இந்த ஒரு வெளிநாட்டு விசா". அது ஒன்றே உன் சாறு முழுவதையும் குடிக்கிறது. உனக்குக் கணக்குச் சொல்லித்தர வரும். மோட்டார் கழற்றிப் பூட்ட வரும். நாலு பேரைக் கூட்டி ஒரு காரியம் முடிக்க வரும். இத்தனை கண்களையும் உறங்க வைத்துவிட்டு, "எனக்கு ஒன்றும் வரவில்லை" என்று அழுகிறாயே, இது நியாயமா?

நெட்டுயர வளர்வதற்கு வேறு காரணங்களும் உண்டு. நிழலில் நட்ட ரோஜா வெளிச்சம் தேடி ஒல்லியாக நீளும். நெருக்கி நட்ட ரோஜா பக்கத்துச் செடியோடு போட்டியிட்டு நீளும். தழைச்சத்தை அள்ளிக் கொட்டினால் இலையும் தண்டுமாகப் பொங்கும், மொட்டு வராது. பாராட்டு மட்டுமே தின்று வளர்ந்தவனும், பக்கத்து வீட்டுப் பையனைப் பார்த்தே வளர்ந்தவனும் இந்தச் செடிகள்தான். கத்தரியை எடுக்குமுன் காரணத்தைப் பார். ஆறு மணி நேர வெயில் விழும் இடமா? செடிக்குச் செடி காற்றோட்டம் இருக்கிறதா? முதலில் அதைச் சரிசெய்.

இது யாருடைய கிளை?

என் செடி பட்டுப்போன பிறகு அம்மா இன்னொரு ஒட்டுச்செடி வாங்கி வைத்தார். மழை பெய்ததும் அடியிலிருந்து ஒரு கிளை துள்ளிக்கொண்டு கிளம்பியது. பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை. ஒரு மாதத்தில் என் தோளுக்கு வந்தது. நான் பூரித்துப் போனேன். பூத்தோட்டங்களில் வேலை பார்த்துத் தலை நரைத்த ஒரு பெரியவர் எங்கள் தெருவில் இருந்தார். வந்து பார்த்தார். குனிந்து மண்ணை விலக்கினார்.

"ஏப்பா தம்பி, இது ஒன் ரோசா இல்லப்பா. ஒட்டுக்குக் கீழேருந்து வந்துருக்கு. காட்டுச் செடி. இத விட்டியன்னா ஒன் செடியத் தின்னுபுடும்" என்றார். கத்தரியால் தொடக்கூட இல்லை. வேரோடு சேரும் இடத்தைப் பிடித்து ஒரே இழுப்பில் பிய்த்து எறிந்தார். வெட்டினால் அடிக்கண் மிஞ்சி மறுபடி முளைக்கும் என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது.

ஒட்டுக்கு மேலே வருவது உன்னுடையது. ஒட்டுக்குக் கீழே வருவது வேர்ச்செடியுடையது. ரோஜாவில் மிக வேகமாக, மிக உயரமாகக் கிளம்பும் கிளை பல நேரம் அந்த இரண்டாவது வகைதான். உன்னுள்ளே வேகமாக வளரும் ஆசைகளைக் குனிந்து, மண்ணை விலக்கி, அடியைப் பார். மாமா மகன் சிங்கப்பூர் போனான் என்பதற்காக முளைத்த ஆசையா? கல்யாண வீட்டில் நாலு பேர் கேட்பார்கள் என்பதற்காக முளைத்த ஆசையா? அது ஒட்டுக்குக் கீழே வந்தது. இரக்கப்படாதே. பிடுங்கி எறி! உன் சாறு உன் பூவுக்குப் போகட்டும்.

வெட்டத் தெரிந்த கை

எங்கள் மலையில் 7-ஆம் நூற்றாண்டின் இசைக் கல்வெட்டு இருக்கிறது. குடைவரைக் கோயிலை ஒட்டிய பாறை முகத்தில், கிரந்த எழுத்தில், ஏழு பகுதிகளாகச் சுரங்களைச் செதுக்கி வைத்திருக்கிறான் ஒரு சிற்பி. உளி கொஞ்சம் சறுக்கினால் ஒரு சுரம் போயிற்று. அவன் கையின் பெருமை எங்கே வெட்டினான் என்பதில் பாதி. எங்கே வெட்டாமல் விட்டான் என்பதில் பாதி.

கவாத்தும் அப்படித்தான். நம் சமவெளியில் ரோஜாவுக்குக் கவாத்து எடுக்கும் காலம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மழை இடைவெளி விட்டுக் காய்ந்த நாளாகப் பார். நான் செய்ததுபோல் சித்திரை வெயிலில் மொட்டையடித்தால், அதுவரை இலை நிழலில் இருந்த தண்டு நேர் வெயிலில் வெந்துபோகும். ஆத்திரத்துக்கு நேரம் காலம் தெரியாது. முடிவுக்குத் தெரியும். தோல்வி வந்த அன்றைக்கே வாழ்க்கையை மாற்றும் முடிவை எடுக்காதே. அது உன் சித்திரை.

காலம் வந்ததும் தயங்காதே. முதலில் காய்ந்ததை எடு. அடுத்து நோய் பிடித்ததை எடு. பிறகு ஒன்றோடொன்று உரசும் கிளைகளில் மெலிந்ததை எடு. நடுவில் வெளிச்சம் இறங்கும்படி, செடி ஒரு கிண்ணம்போல் திறந்து நிற்கட்டும். மிஞ்சிய பலமான கிளைகளைப் பாதி உயரத்துக்குக் குறை. வெளிப்பக்கம் பார்க்கும் ஒரு கண்ணைத் தேர்ந்துகொள். அதற்குக் கால் அங்குலம் மேலே, கண்ணுக்கு எதிர்ப்புறம் சரியும்படி சாய்வாக வெட்டு. நீர் அந்தப் பக்கம் வடியும். வெளிப்பக்கக் கண்ணாக ஏன்? எந்தக் கண்ணுக்கு மேல் வெட்டுகிறாயோ, அந்தக் கண் பார்க்கும் திசையில்தான் புதுக் கிளை போகும். வெட்டு என்பது ஒரு முடிவு மட்டும் அல்ல. அடுத்த கிளைக்கு நீ போட்டுக் கொடுக்கும் பாதை.

வெட்டுவாய் வெள்ளையாக, பச்சைப் பட்டையோடு இருக்க வேண்டும். உள்ளே பழுப்பு தெரிந்தால் இன்னும் கீழே போ. நல்ல திசு தெரியும்வரை போ. நுனிக் கருகல் நோய் பெரும்பாலும் வெட்டுவாய் வழியாகத்தான் நுழையும். என் செடியைக் கொன்றதும் அதுதான். போர்டோ பசையைத் தடவி மூடு. ஒரு செடியை முடித்து அடுத்ததற்குப் போகுமுன் கத்தரியைத் துடை. பிறகு தூருக்குப் பத்து கிலோ மட்கிய தொழு உரம் வைத்துத் தண்ணீர் விடு. வெட்டியவனுக்கு ஊட்டும் கடமையும் உண்டு. உன்னை நீயே திருத்துகிறாய் என்றால், உன்னை நீயே பட்டினி போடாதே. தூங்கு, சாப்பிடு, உன்னை நேசிப்பவர்களோடு உட்கார்ந்து பேசு.

வளைவது தோல்வி இல்லை

எல்லா உயரத்துக்கும் கத்தரி மருந்தாகாது. கொடி ரோஜாவின் நீண்ட தண்டுகளை வெட்டித் தள்ளினால் அந்த வருடப் பூவையே வெட்டித் தள்ளியதாகும். முதல் இரண்டு வருடம் அந்த நீளத் தண்டுகளைத் தொடாதே. அவற்றை வளை.

செங்குத்தாக நிற்கும் தண்டு நுனியில்தான் பூக்கும். அதே தண்டைச் சாய்த்து, தரைக்கு இணையாகக் கம்பியில் படுக்க வைத்துக் கட்டிப் பார். நுனியின் ஆணை தளர்கிறது. ஒவ்வொரு கணுவும் கண் திறக்கிறது. ஒவ்வொரு கண்ணிலிருந்தும் ஒரு சிம்பு நிமிர்கிறது. ஒவ்வொரு சிம்பின் தலையிலும் பூ! ஒரு அங்குலம்கூட வெட்டவில்லை. ஒரு செடியை மாற்றவில்லை. திசையை மட்டும் மாற்றினாய். ஒரு பூ பூத்த தண்டு பத்துப் பூ பூக்கிறது.

தூணில் ஏற்றுகிறாயா, நேராக ஏற்றாதே. சுற்றிச் சுற்றி ஏற்று. வேலி இல்லையா, நீண்ட தண்டை வில்போல் தரைக்கு வளைத்து ஒரு முளையடித்துக் கட்டு. பூத்து முடிந்த பக்கச் சிம்புகளை இரண்டு மூன்று கண் விட்டுக் குறை. வயதான தண்டில் ஒன்றை மட்டும் அடியோடு எடுத்து, புதிதுக்கு இடம் கொடு. ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடில்களில் ரோஜா வளர்ப்பவர்களைப் பார். மெலிந்த தண்டுகளை அவர்கள் வெட்டி எறிவதில்லை. வளைத்துக் கீழே விடுகிறார்கள். வளைந்த தண்டின் இலைகள் உணவு சமைக்கின்றன. அடியிலிருந்து தடித்த புதுத் தண்டு கிளம்பிச் சந்தைக்குப் போகும் பூவைத் தருகிறது.

குனிந்தால் கேவலம் என்று உனக்கு யார் சொன்னது? பட்டம் வாங்கியவன் அப்பாவின் கடையில் உட்கார்ந்தால் கேவலமா? பொறியியல் படித்தவள் இரண்டு வருடம் ஊரிலிருந்து தையல் எந்திரம் ஓட்டினால் கேவலமா? உயரத்தை இழக்கவில்லை நீ. அதே நீளம்தான், படுக்கையாக இருக்கிறது. கணுவெல்லாம் இப்போதுதான் விழிக்கிறது!

ஒன்றை மட்டும் நினைவில் வை. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது. பச்சைத் தண்டு வளையும். முற்றிய தண்டு முறியும். இந்தப் பருவத்துத் தண்டை இந்தப் பருவத்திலேயே வளைத்துவிடு. ஒரே நாளில் இழுக்காதே. இன்று கொஞ்சம், அடுத்த வாரம் கொஞ்சம்.

கொழுகொம்பைக் கேள்

எங்கள் மாவட்ட எல்லையைத் தாண்டினால் பிரான்மலை. பாரி ஆண்ட பறம்பு அதுதான். படரக் கொம்பில்லாமல் தவித்த ஒரு முல்லைக்குத் தன் தேரையே நிறுத்திவிட்டுப் போனவன் பாரி. ஈராயிரம் வருடமாக நாம் பாரியைக் கொண்டாடுகிறோம். நான் இன்று அந்த முல்லையைக் கொண்டாடச் சொல்கிறேன். அது தன் தவிப்பை மறைக்கவில்லை. காற்றில் ஆடியது, தேடியது, நீண்டது. அதனால்தான் பாரியின் கண்ணில் பட்டது.

முல்லையாவது தானே சுற்றிக்கொள்ளும். ரோஜாவுக்கு அதுவும் தெரியாது. பற்றுக் கம்பி கிடையாது, சுற்றும் தண்டு கிடையாது. காட்டில் முள்ளைக் கொக்கியாக மாட்டி ஏறும். வீட்டில் ஒரு கை வந்து கட்டினால்தான் நிற்கும். கட்டப்படாத நீளத் தண்டை ஆடிக் காற்று அலைக்கழிக்கும். அதன் முள்ளே அதன் பட்டையைக் கிழிக்கும். துணை தேடாதவனை அவன் முள்ளே கிழிப்பதை நீ பார்த்ததில்லையா?

ஆகவே கொம்பை முதலில் நடு, செடியைப் பிறகு நடு. இரண்டடி ஆழத்துக்கு இறங்கிய கம்பாக இருக்கட்டும். சுவரோரம் என்றால் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி நடு. எங்கள் ஊர் மேற்குச் சுவர் சாயங்காலம்வரை அனல் கக்கும். கம்பியால் கட்டாதே, அது தண்டை அறுக்கும். சணல், வாழைநார், பழைய வேட்டிக் கிழிசல் போதும். கொம்புக்கும் தண்டுக்கும் நடுவே எட்டுப் போட்டுக் கட்டு. ஒரு விரல் நுழையும் இடம் விடு. தண்டு தடிக்கத் தடிக்கக் கட்டை அவிழ்த்து மாற்றிக் கட்டு.

உனக்குக் கொம்பாக நிற்பவர் யார் என்று பார். சொல்லிக் கொடுத்த ஆசிரியரா? கூடப் படித்த தோழியா? ஊரிலேயே அண்ணா பண்ணை இருக்கிறது, 2014 முதல் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. படி ஏறிப் போய்க் கேட்க உனக்கு ஏன் கூச்சம்? ஒரு விரல் இடம் விட்டுத் தாங்கும் கை துணை. இறுக்கி நெரிக்கும் கை துணையல்ல, அது கம்பி. அந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்.

உன் உயரம் உன்னுடையது

1954-இல் அறிமுகமான குயின் எலிசபெத் என்ற ரோஜா ஆளைத் தாண்டி வளரும் இயல்புடையது. அதைப் பட்டன் ரோஜா அளவுக்கு வெட்டிக்கொண்டே இருந்தால் பட்டன் ரோஜா ஆகிவிடாது. நோஞ்சான் எலிசபெத்தாகத்தான் நிற்கும். உயரமான ரகத்தைப் பின்வரிசையில் நடு. அதற்குரிய இடத்தைக் கொடு.

மணிப்பூர் மலைக் காடுகளில் ரோசா ஜைகான்டியா என்றொரு காட்டு ரோஜா மரங்களின்மேல் ஏறிப் படர்கிறது. ஐ.ஏ.எஸ். பணியை விட்டுவிட்டு வந்து கொடைக்கானலில் ரோஜாக்களை உருவாக்கிய எம்.எஸ். வீரராகவன், அந்தக் கட்டுக்கடங்காத காட்டுச் செடியையே இனக்கலப்புக்கு எடுத்துக்கொண்டார். வெப்பம் தாங்கும் இன்னொரு இந்தியக் காட்டு ரோஜாவையும் எடுத்து, நம் மண்ணுக்கேற்ற புது ரகங்களை உருவாக்கினார். அவற்றில் ஒரு ரோஜா தாவரவியலாளர் ஜானகி அம்மாளின் பெயரைச் சுமக்கிறது. "அடங்காதது" என்று ஒதுக்கிவிடக்கூடிய ஒன்றில் ஒருவர் புதிய வம்சத்தையே கண்டார். உன்னை "அடங்காதவள்", "அடங்காதவன்" என்று சொல்கிறார்களா? சொல்லட்டும். அந்த வேகம்தான் உன் விதை.

மொட்டையாக நிற்கும் ஆறு வாரம்

கவாத்து எடுத்த ரோஜா அவலட்சணமாக நிற்கும். போகிறவர்கள் எல்லாம், "ஐயோ, நல்லா இருந்த செடிய இப்பிடி மொட்டையடிச்சுப்புட்டியே" என்பார்கள். பதில் சொல்லாதே. தண்ணீர் விடு. பத்துப் பதினைந்து நாளில் கண்கள் சிவந்து உப்பும். ஆறேழு வாரத்தில் பூ வரும். 1995-இல் உருவான உதகை அரசு ரோஜா பூங்கா, 2006-இல் உலக ரோஜா சங்கங்களின் கூட்டமைப்பிடம் விருது வாங்கிய பூங்கா, அதுவும் வருடத் தொடக்கத்தில் கவாத்தெடுத்துக் குச்சியாகத்தான் நிற்கிறது. மே மாதக் கூட்டம் அந்தக் குச்சிகளைப் பார்த்ததில்லை. தோட்டக்காரர் பார்த்திருக்கிறார். அவர் பயப்படவில்லை. நீயும் பயப்படாதே!

கிணற்றடியில் அந்தப் பெரியவர் சொல்லிக்கொடுத்தபடி நான் வளைத்துக் கட்டிய செடி, மார்கழி கடைசியில் முதல் மொட்டைக் காட்டியது. நான்கு சவுக்குக் கம்பு, இரண்டு வரிசைக் கம்பி, அதன்மேல் படுத்த மூன்று தண்டு. ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் தொரட்டிக் கம்பு சுவரோரம் சாத்தியபடியே இருந்தது. அம்மா நின்ற இடத்திலிருந்து கையை நீட்டினார். நெஞ்சு உயரத்தில் வரிசையாக ஏழு பூ. ஒன்றைப் பறித்துச் சாமிக்கு வைத்தார். ஒன்றைத் தன் கொண்டையில் செருகிக்கொண்டார். மிச்சத்தை, "தெருவுல கேட்டா குடுப்பா" என்று விட்டுவிட்டுப் போனார்.

தம்பி, தங்கச்சி, போ. உன் செடியின் முன்னால் போய் நில். அடியைத் தோண்டிப் பார். உன்னுடையது அல்லாததைப் பிடுங்கு. காய்ந்ததை வெட்டு. பச்சையை வளை. கொம்பைக் கேட்டு வாங்கு. நாளை காலை யாரோ ஒருவர் பூக் கேட்டு உன் வாசலுக்கு வருவார். அவர் கைக்கு எட்டும் உயரத்தில் பூ!